இறங்கிப்போன இடது காது

குடித்துக்கொண்டிருந்த ஒருவர் குடியை நிறுத்திவிட்டார் என்றால், அவரை எந்த நாளிலிருந்து நம்ப ஆரம்பிக்க வேண்டும்? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தலை சீவக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் கண்ணாடியில் என் கண்ணில் முதலில் படுவது என் இடது காதுதான். வலது காதில் துளை இருக்க வேண்டிய இடத்தில், மடலின் நடுவில் இருக்கிறது. இடது காதில் அது விளிம்புக்குக் கிட்டத்தில், கீழே இறங்கி, கன்னப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. தோடு போட்டால் இடது பக்கத்துத் தோடு குனிந்து தரையைப் பார்க்கும். ஜிமிக்கி போட்டதே இல்லை, கனம் தாங்காமல் சதை அறுந்துவிடும் என்ற பயம். கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த பெண், தோட்டுக்குப் பின்னால் பிளாஸ்திரித் துண்டை ஒட்டி நிமிர்த்தி வைத்தாள். புகைப்படங்களில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தத் துளை என் தாய்மாமன் மடியில் விழுந்தது. எங்கள் பக்கம் காது குத்த மாமன் மடி வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இளநீரும் மோரும் விற்கும் கடை வைத்திருந்தார். பௌர்ணமியன்று அவரைப் போல உழைப்பாளி கிடையாது. வெட்டிய இளநீர்க் கூடு மலை மாதிரி குவியும், வாய் ஓயாமல் பேசி யாத்ரிகர்களைச் சிரிக்க வைப்பார். மறுநாள் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இளநீர்க் கூடுகளை அத்தை தனியாக வாரிக்கொண்டிருப்பாள். எழுதும்போது 'அவர்' என்றுதான் போடுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரி வரும். அதைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுகிறேன்.

வீட்டில் அடுத்தடுத்துத் தீட்டு வந்ததில் எனக்குக் காது குத்துவது தள்ளிப்போய் ஐந்து வயதாகிவிட்டது. அதனால் எல்லாம் நினைவிருக்கிறது. கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயில், வேர்க்கடலைச் செடி பிடுங்கிய கொல்லையில் போட்ட சாமியானா, மொட்டைத் தலையிலிருந்து கழுத்துக்கு வழிந்த சந்தனம். மாமா புது வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தூக்கி மடியில் வைத்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் பானெட் மேல் உட்கார வைத்தது மாதிரி இருந்தது. அவர் தொடை உதறிக்கொண்டே இருந்தது. அம்மா என் தலையைப் பிடித்துக்கொள்ள வலது காது முடிந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா அழுது விலகிவிட்டாள். இடது காதுக்கு என் தலையைப் பிடித்தது மாமாவின் கை. உள்ளங்கை ஈரமாக, சில்லென்று, கோழிக்குஞ்சு மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. காது குத்த வந்த பத்தர் கம்பியை வைத்தபடி, "கொஞ்சம் ஆட்டாம புடிங்க" என்றார். மாமா சொன்னார்: "நான் எங்கங்க ஆட்றேன், அதுவா ஆடுது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்தான் கம்பி இறங்கியது. ரத்தம் சந்தனத்தில் கலந்து தோளில் ஓடியது. "மாமன் முத்திரை குத்திட்டான்டா" என்று யாரோ சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். பிறகு எங்கள் உறவில் அது ஒரு நிரந்தர நகைச்சுவை ஆகிவிட்டது. பந்தியில் யாராவது ரசத்தைச் சிந்தினால், "நான் எங்க ஊத்தறேன், அதுவா ஊத்துது" என்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். என் காதைத் தொட்டு, "எம்பொண்ண எங்க தொலைச்சாலும் அடையாளம் கண்டுபுடிச்சிருவேன்" என்பார். நான் அந்தக் கையைத் தட்டிவிடுவேன். 'மாமா ஆசையா தொட்டா என்னடி திமிரு' என்று எனக்குத்தான் திட்டு விழும். குடித்துவிட்டு மடியில் வைத்தவருக்குத் திட்டு இல்லை.

அவர் அன்று குடித்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வெற்றிலையும் பீடியும் பிராந்தியும் கலந்த வாடை என் நினைவில் இருந்தது. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நடந்த ஒன்று அந்த நினைவைக் கலைத்துப் போட்டது.

அப்போது மாமா காலையில் எழுந்ததும் குடிக்க ஆரம்பித்திருந்தார். பல் விளக்கப் பிரஷைப் பிடிக்க முடியாது, கை உதறும். கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கும். அம்மாவும் அத்தையும் பேசி, குடியை விட வைக்கக் கயிறு கட்டும் ஒரு முனீஸ்வரன் கோயிலுக்கு ஓர் அமாவாசையன்று அவரைக் கூட்டிப்போனார்கள். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டி, சூடத்தின் மேல் சத்தியம் வாங்கி, மீறினால் சாமி சும்மா விடாது என்று சொல்லி அனுப்பினார். மாமாவும் பயந்துதான் போனார். அன்று முழுக்கத் தொடவில்லை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம், கடைப்பக்கம் போனால் கூட்டாளிகள் இழுத்துக்கொள்வார்கள் என்று.

மறுநாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. சாப்பாடு ஒன்றும் இறங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் உடம்பு முழுக்க நடுங்க, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். தெரு கூடிவிட்டது. முனீஸ்வரன் இறங்கிவிட்டார் என்று முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை, சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. வேப்பிலை வந்தது, சூடம் வந்தது. அம்மாவின் ஓரகத்தி, அதாவது என் பெரியம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாமி, எம்பொண்ணுக்கு எப்ப வரன் அமையும்?" என்று கேட்டாள். மாமா தன் கையைப் பரபரவென்று தட்டிக்கொண்டே, "எறும்பு ஏறுது பாரு, தட்டு, தட்டு" என்றார். எறும்பு என்றால் சுறுசுறுப்பான மாப்பிள்ளை என்று பெரியம்மா அர்த்தம் எடுத்துக்கொண்டாள். நான் வேதியியல் மாணவி. எத்தனாலின் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கும் அது சாமி இல்லை என்று சொல்லத் தெரியவில்லை.

பொழுது விடிந்து சற்று நேரத்தில் வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியது. இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். சாமி மலையேறும்போது அப்படித்தான் ஆகும் என்று ஒருவர் விளக்கினார். அப்பாதான் வேனைப் பிடித்துத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் பார்த்தது மணிக்கட்டுக் கயிற்றை. "எப்ப கட்டினீங்க?" என்று கேட்டார். சொன்னோம். அவர் அம்மாவிடம் கோபமாகவே பேசினார். வருஷக் கணக்கில் தினமும் குடித்த உடம்பு அதற்குப் பழகிவிட்டிருக்கும், ஒரே நாளில் பிடுங்கினால் மூளை தறிகெட்டு ஓடும், நடுக்கம் வரும், இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வரும், உயிரும் போகும் என்றார். ஆஸ்பத்திரியில் வைத்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் வைட்டமின் ஊசியும் போட்டு, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். "கயித்த கட்டுங்க, வேணாங்கல. கட்டறதுக்கு முன்ன இங்க ஒரு எட்டு வந்திருக்கக் கூடாதா?"

அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா, என்னைப் பார்க்காமல், சொன்னாள்: "உன் காதுகுத்து அன்னிக்கும் அவன் குடிக்கலடி. முந்தின நாளே சத்தியம் வாங்கிட்டேன். ஒரு சொட்டு தொடல. அதான் அப்படி நடுங்கியிருக்கான், இப்பத்தான் புரியுது."

எனக்கும் புரிந்தது. என் காது இறங்கியது அவர் குடித்ததால் இல்லை, குடிக்காததால். இதைக் கேட்டால் மனம் இளகும் என்று அம்மா நினைத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் என் காதுதானா? ஐந்து வயதுக் குழந்தையின் தலையைப் பிடிக்கும் அளவுக்குக் கூடத் தன் கையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத மனிதரை, 'பாவம், அன்னிக்கு நல்லாத்தான் இருந்தான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தொந்தரவும் சேர்ந்துகொண்டது. அந்த பிராந்தி வாடை எனக்கு எங்கிருந்து வந்தது? வேறொரு நாளின் வாடையை அந்த மடியில் நானே கொண்டுபோய் வைத்துவிட்டேனா? அல்லது அம்மா தம்பிக்காகப் பொய் சொல்கிறாளா? இரண்டையும் மாற்றி மாற்றி நம்புகிறேன்.

மாமா பிழைத்து வந்து, டாக்டர் சொன்னதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த பௌர்ணமிக்கே குடித்தார். கேட்டால், "டாக்டரே சொல்லிட்டாரு, திடீர்னு உட்டா ஃபிட்ஸ் வருமாம். நான் இன்னா பண்றது? எனக்கு இது மருந்து மாரி" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து விடலாமே என்றால், "பௌர்ணமி போவட்டும்" என்பார். திருவண்ணாமலையில் பௌர்ணமி எப்போது போய் முடியும்? அத்தை ஒருமுறை, "ஜாஸ்தி வேணாம், கம்மி பண்ணிக்கயேன்" என்று கெஞ்சியதற்கு, கொதிக்கிற பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். அத்தையின் காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பந்தியில் நகைச்சுவை சொல்வதில்லை.

பிறகு அவருக்கு வயிறு போட்டது. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே வந்தது. என் கல்யாணத்தில் சட்டைப் பட்டன் தெறிக்க நின்றவரைப் பார்த்து, "மாமா இப்ப நல்லா செழிப்பா கீறாரு" என்றார்கள். செழிப்பு என்று நாங்கள் பார்த்தது ஈரல் கெட்டு வயிற்றில் சேர்ந்த நீர். கண் மஞ்சளாகி, கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அந்த நீரை எடுத்தார்கள். அது நடந்தது நான் நிறைமாதமாக இருந்தபோது. என் பிரசவத்துக்கு என்னுடன் இருந்திருக்க வேண்டிய அம்மா, பிளாஸ்கில் கஞ்சியோடு அவர் வார்டில் இருந்தாள். குழந்தை பிறந்த செய்தி அம்மாவுக்குப் போனில்தான் போனது. இதை நான் அம்மாவிடம் சொல்லிக்காட்டியதில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த முறை அவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இனிமேல் ஒரு மடக்கு குடித்தாலும் ஈரல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை, ஊசி, பிறகு வாரம் ஒருநாள் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசுவது. அன்றிலிருந்து குடிக்கவில்லை என்கிறார்கள். என் மகளின் வயதும் அவர் குடிக்காத காலமும் ஏறக்குறைய ஒன்று. "ரெண்டும் ஒண்ணா நடக்கக் கத்துக்குது" என்று அம்மா பூரித்துப்போவாள். என் குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதில் பெருமை இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர் நேராக நடப்பதற்கு ஏன் கைதட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவரை நேராகவே கேட்டேன்: "விட்டுட்டீங்களா மாமா?" 'விட்டுட்டேன்' என்று அவர் ஆயிரம் முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன், சூடத்தின் மேலும் சொல்லியிருக்கிறார். இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. "விட்டுனு இருக்கேன் பாப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பிக்க வழி வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றுதான் பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருக்கும் வேங்கிக்கால் வீட்டுக்கு அம்மா வந்திருந்த சமயம், மாமாவுக்குப் பரிசோதனை நாள் என்று கிளம்பியபோது, நானும் கூடவே போய் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நாங்கதாம்மா அப்படிச் சொல்லச் சொன்னோம். முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சாதான் ஆபத்து" என்றார். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவள்தான் நான். இறந்தகாலம் என்ற ஒன்றே இல்லாத வினைச்சொல்லை முதல்முறையாகப் பார்த்தேன். அப்படியானால் நான் எந்த நாளில் நிம்மதியாவது? "காதுகுத்துக்கு அவர் மடியில குழந்தையை உட்கார வைக்கலாமா சார்?" என்று கேட்டேன். "இப்ப நடுக்கம் இல்ல. அது மட்டும்தான் நான் சொல்ல முடியும். நம்பறதுக்கு சர்ட்டிபிகேட் தர முடியாதேம்மா" என்றார்.

கேள்வி இதுதான். எனக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. என் மகளுக்கு மாமன் இடத்தில் உட்கார்ந்து மடி கொடுக்க இருப்பவர் இவர் ஒருவர்தான். தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். கணவர், "உன் மாமா, உன் காது, உன் பொண்ணு, நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறார். டவுனில் ஒரு கிளினிக்கில் உட்கார வைத்து நொடியில் குத்திவிடுகிறார்கள், அங்கே மடியே தேவையில்லை. விசாரித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்தார், அம்மாவுடன். குளித்து, விபூதி பூசி, தோய்த்த சட்டை போட்டிருந்தார். ஆனாலும் பீடி வாடை அடித்தது. என் மகளுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது, வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்று அவளுடைய டாக்டர் கேட்டிருந்தார். அதைச் சொன்னேன். "அதையும் விட்டுனு இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்கவில்லை. "இன்னும் ஊத்து பாப்பா, தளும்பத் தளும்ப" என்றார். ஊற்றினேன். டம்ளரை உள்ளங்கையில் வைத்து, கையை என் முன்னால் நீட்டினார். "பாரு" என்றார்.

பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. மேலே சுற்றிய ஃபேன் அதில் தெளிவாகத் தெரிந்தது. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சர்க்கஸ் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன், அந்த நினைப்பை எனக்கே பிடிக்கவில்லை. அப்போது என் மகள் தத்தித் தத்தி வந்து, டம்ளரை ஓர் அடி அடித்தாள். தண்ணீர் கொட்டியது, டம்ளர் உருண்டது. நான் ஒரே எட்டில் குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை அதுவாகச் செய்தது.

"நான் ஆட்டல பாப்பா, குழந்தைதான்" என்றார் மாமா.

"தெரியும் மாமா" என்றேன். தெரியும்தான். ஆனால் நான் குழந்தையைப் பிடுங்கிய வேகத்தை அவர் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் தரையைத் துடைத்தார். "உன் இஷ்டம். மடி வேணாம்னா நான் பின்னால நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். அம்மா என் காதருகில் வந்து, "நீ வேணாம்னு சொல்லி, அந்த அவமானத்துல அவன் மறுபடி ஆரம்பிச்சான்னா?" என்றாள்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் குடித்தபோது அத்தை சரியாகச் சமைக்காததால் குடித்தார், அம்மா கண்டிக்காததால் குடித்தார், கூட்டாளிகள் கூப்பிட்டதால் குடித்தார். இனிமேல் குடித்தால் நான் மடியை மறுத்ததால் குடித்தார் என்றாகும். அவருடைய அடுத்த மடக்கை என் இடுப்பில் செருகிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பொழுது விடிந்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. ஒரு மனிதர் கை நடுங்காமல் இருக்க இவ்வளவு காலம் பாடுபட்டு, அதை முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டினாரே, நான் பார்த்தது டம்ளரை மட்டும்தானே என்று. மத்தியானத்துக்குள் அத்தையின் கால் தழும்பு நினைவுக்கு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இப்போது என் மகள் மடியில் உட்கார்ந்தால் என் காதைத்தான் பிடிக்கிறாள். வலது தோட்டைத் தொட்டுவிட்டு, இடது பக்கம் அதே உயரத்தில் விரலை வைத்துத் தேடுகிறாள். அங்கே இல்லை. விரல் கீழே இறங்கி வந்து கண்டுபிடித்ததும் சிரிக்கிறாள். அவளுடைய காது மடல்கள் இரண்டும் இன்னும் வெறுமையாக, ஒன்றுபோல இருக்கின்றன.

தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெரிய மனது பண்ணு என்று எழுத வேண்டாம், அதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ஒதுக்கித் தள்ளு என்றும் வேண்டாம், அதை நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் குழந்தையை அந்தக் கையில் கொடுத்தீர்களா, கொடுத்தீர்கள் என்றால் எதைப் பார்த்துக் கொடுத்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.